ப்ரீ-மெட் மாணவர்கள் உலக சுகாதாரப் பார்வையை எப்படி வளர்த்துக்கொள்வது? இரண்டு வாரப் பயணத்துக்குப் பணம் கட்டலாமா?

ரெண்டாம்_வருஷம்:

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு, உயிரியல் மேஜர், ப்ரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகிறேன்). மெடிக்கல் ஸ்கூலில் உலக அளவிலான பார்வை இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என எல்லோரும் சொல்கிறார்கள். அதை எப்படி வளர்ப்பது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில்.

ஒரு நிறுவனம் இரண்டு வார மருத்துவப் பயணம் என்று விளம்பரம் செய்கிறது. கட்டணம் 3,000 டாலருக்கு மேல், விமானச் செலவு தனி. "தையல் போடலாம், ஊசி போடலாம், பிரசவத்தில் உதவலாம்" என்று போட்டிருக்கிறார்கள். இன்னொரு வழி, மூன்றாம் ஆண்டின் ஸ்பிரிங் செமஸ்டரை வெளிநாட்டில் படிப்பது. ஆனால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதி அப்போதுதான் வருகிறது. பெல் கிராண்ட் (குறைந்த வருமானக் குடும்ப மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்கும் மாணவி நான், கையில் பணம் குறைவு.

எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கும் போகாமலே இது முடியுமா? வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அது எதற்காவது பயன்படுமா? விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

வழிகாட்டி_மேசை:

முதலில் அந்த விளம்பரம். ஒரே ஒரு கேள்வி போதும்: இதே வேலையை உங்கள் கவுண்டி ஆஸ்பத்திரியில், உரிமம் இல்லாத ஒரு கல்லூரி மாணவியைச் செய்ய விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் வேறு நாட்டிலும் செய்யக் கூடாது. நோயாளி ஏழை என்பதால் தையல் போடும் தகுதி உங்களுக்கு வந்துவிடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி 2011-லேயே ப்ரீ-மெட் மாணவர்கள் வெளிநாட்டில் நோயாளிகள் பக்கம் போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி இல்லாமல் சிகிச்சை செய்வது நோயாளிக்கு ஆபத்து, சட்டச் சிக்கலும் வரலாம், உங்கள் விண்ணப்பத்துக்கும் அது கெடுதலாகவே முடியலாம் என்பதுதான் அதன் சாரம். "தையல் போட்டேன்" என்று பெருமையாக எழுதினால், படிக்கும் கமிட்டி உறுப்பினருக்கு முதலில் தோன்றுவது "இவரை யார் விட்டார்கள்?" என்பதுதான்.

எல்லாப் பயணமும் மோசம் என்று சொல்லவில்லை. பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அங்கே மேற்பார்வை பார்ப்பவர் அந்த நாட்டில் உரிமம் பெற்றவரா? என் கட்டணத்தில் அந்தக் கிளினிக்குக்கு எவ்வளவு போகிறது? மாணவர்கள் இல்லாத மாதங்களில் அந்தக் கிளினிக் இயங்குகிறதா? மாணவர்கள் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று எழுதிவைத்த பட்டியல் உண்டா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம்.

நல்லெண்ணத்தோடு போனாலும் எங்கே தவறுகிறது என்பதற்கு ரத்த அழுத்த முகாம் ஒரு உதாரணம். குழு ஒரு கிராமத்துக்குப் போகிறது, ஒரே ஒரு முறை அளக்கிறது, 160/100 வருகிறது, கொண்டுபோன அம்லோடிபின் முப்பது மாத்திரையைக் கொடுக்கிறது. நடந்து வந்த களைப்பில் ஒரே தடவை எடுத்த அளவை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. அது உண்மையிலேயே உயர் ரத்த அழுத்தம்தான் என்றாலும், முப்பத்தோராவது நாள் மாத்திரைக்கு அவர் எங்கே போவார்? மாத்திரையின் பக்கவிளைவாகக் கால் வீங்கினால் யாரிடம் காட்டுவார்? அருகிலுள்ள சுகாதார மையத்தில் அவர் பெயரே பதிவாகியிருக்காது. இலவச மாத்திரை வரும் என்று காத்திருந்து அந்த மையத்துக்குப் போவதையே நிறுத்திக்கொள்வதும் உண்டு.

போவது என்று முடிவு செய்தால், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பயிலரங்கு ஒன்று இருக்கிறது, "நோயாளி பாதுகாப்புக்கான உலகத் தூதர்கள்" என்ற பொருள்படும் பெயரில். அதை முடித்துவிட்டுப் போங்கள். யாராவது ஊசியைக் கையில் கொடுத்து "நீயே போடு" என்றால் எப்படி மறுப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நொடியில் வாய் வராது. மருந்துக் கையிருப்பைக் கணக்கெடுப்பது, பதிவேட்டை ஒழுங்குபடுத்துவது, மருத்துவருக்குப் பின்னால் நின்று கவனிப்பது, இவைதான் உங்கள் வேலை. நோயாளியோடு எடுத்த செல்ஃபியைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், முகத்தை மறைத்தும்கூட.

ரெண்டாம்_வருஷம்:

நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அப்போ செமஸ்டர் படிப்புதான் சரியா?

கால்அட்டவணை:

செமஸ்டர் படிப்பு நல்லதுதான். உங்க கணக்குல அது எங்க பொருந்துதுன்னு முதல்ல பாருங்க.

ஆர்கானிக் உங்களுக்கு மூன்றாம் வருஷம்னா, பயோகெமிஸ்ட்ரி நாலாம் வருஷத்துக்குப் போயிடும். பயோகெம் இல்லாம எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) எழுதறது தலைவலி. அதனால பட்டம் வாங்கிட்டு ஒரு வருஷம் இடைவெளி விட்டு விண்ணப்பிக்கறதுதான் உங்களுக்கு இயல்பா வரும். அப்படின்னா அவசரமே இல்லை. ஆர்கானிக்கை நடுவுல உடைச்சுட்டு ஸ்பிரிங்ல கிளம்பாதீங்க. பல கல்லூரியில இரண்டாம் பகுதி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், விட்டா ஒரு வருஷமே தள்ளிப்போகும். இந்தக் கோடை விடுமுறையில ஆறு, எட்டு வார நிகழ்ச்சி, இல்லேன்னா நாலாம் வருஷத்துல ஒரு செமஸ்டர்னு பாருங்க.

லேப் உள்ள ப்ரீ-மெட் பாடம் எதையும் வெளிநாட்டுல எடுக்காதீங்க. வெளிநாட்டுல முடிச்ச அடிப்படைப் பாடங்களை ஏத்துக்காத மெடிக்கல் ஸ்கூல் நிறைய. அங்க எடுக்க வேண்டியது மருத்துவ மானுடவியல், பொது சுகாதாரம், அந்த நாட்டு மொழி, வரலாறு. இன்னொண்ணு, அந்தப் பாடங்கள் உங்க கல்லூரி ட்ரான்ஸ்கிரிப்ட்ல கிரேடா வருமா, வெறும் கிரெடிட்டா வருமான்னு ரெஜிஸ்ட்ரார் கிட்ட முன்னாடியே கேளுங்க. கிரேடா வந்தா விண்ணப்பத்துல ஜிபிஏ (கிரேடு சராசரி) கணக்குல சேரும். ஐம்பத்தஞ்சு மார்க்கே நல்ல மார்க்கா இருக்கற நாடுகள் உண்டு. மாற்று விகிதம் தெரியாம போய் சி வாங்கிட்டு வந்தா யாரும் அனுதாபப்பட மாட்டாங்க.

பணத்துக்கு: பெல் கிராண்ட் வாங்கற அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளிநாட்டுல படிக்க கில்மன் உதவித்தொகை இருக்கு. 5,000 டாலர் வரைக்கும், அவங்க பட்டியல்ல இருக்கற முக்கிய மொழி ஒண்ணை அங்க படிச்சா 8,000 வரைக்கும். வருஷத்துக்கு ரெண்டு சுற்று, அக்டோபர்ல ஒண்ணு, மார்ச்ல ஒண்ணு. திரும்பி வந்தப்புறம் நீங்க செய்யப்போற சேவைத் திட்டத்தையும் அதுலயே எழுதணும், நிறைய பேர் அதை ஒப்புக்கு எழுதித்தான் கோட்டை விடறாங்க. இடைவெளி வருஷத்தை வெளிநாட்டுல கழிக்க ஃபுல்பிரைட் உதவித்தொகை இருக்கு. அதுக்கும் கடைசி நாள் அக்டோபர்தான். ஆனா கல்லூரிக்குள்ள நடக்கற தேர்வு அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அதனால மூன்றாம் வருஷக் கடைசியிலேயே வேலையை ஆரம்பிக்கணும்.

உடம்பு விஷயம் சுருக்கமா. பயண மருத்துவ கிளினிக்குக்கு நாலு முதல் ஆறு வாரம் முன்னாடி போங்க. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாள்தான் செல்லுபடியாகும், முந்தின நாள் போட்டுட்டு விமானம் ஏறினா எல்லையில நிறுத்துவாங்க. மலேரியா மாத்திரையில தப்பு நடக்கறது திரும்பி வந்தப்புறம்தான். அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில்னா ஊர் திரும்பி ஏழு நாள், டாக்ஸிசைக்ளின்னா நாலு வாரம் தொடரணும், பலர் விமான நிலையத்துலயே நிறுத்திடறாங்க. எது உங்களுக்குச் சரின்னு டாக்டர் சொல்லுவார். வெறுமனே கவனிக்கப் போனாலும் ஊசி குத்தற வாய்ப்பு உண்டு. ஹெச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மொத்தம் 28 நாள். அந்த ஊர்ல அது எங்க கிடைக்கும்னு போறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்குங்க.

எண்ணும்_எழுத்தும்:

"எங்கும் போகாமலே முடியுமா" என்று கேட்டிருந்தீர்கள். முடியும். சொல்லப்போனால் பயணத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதே அதுதான். இல்லாவிட்டால் அங்கே போய் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு, மூலக்கூறிலிருந்து சமையலறை வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். பேதியும் அதற்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவை) பொட்டலமும் நல்ல தொடக்கம். 2002-க்குப் பிறகான உலக சுகாதார நிறுவனக் கலவை: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கணக்குப் போட்டால் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல் வரும். எம்கேட்டுக்குப் படிக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்திப் புரதத்தின் வேலை இதுதான்: குடல் சுவரில் ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியம் உள்ளே போகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. காலரா நஞ்சு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை ஏற்றி குளோரைடை வெளியே கொட்ட வைக்கிறதே தவிர, இந்த வாசலை அடைப்பதில்லை. அதனால்தான் பேதி போய்க்கொண்டிருக்கும்போதே வாய்வழி நீர் வேலை செய்கிறது. பழைய கலவையின் ஆஸ்மோலாரிட்டி (கரைந்த பொருள்களின் மொத்த அடர்த்தி) 311, புதியது 245. இனிப்பு கூடட்டும் என்று வீட்டில் இன்னும் சர்க்கரை அள்ளிப் போட்டால் குடல் பக்கம் அடர்த்தி ஏறி, தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டுப் பேதி அதிகமாகும்.

1971 வங்கதேசப் போரில் எல்லையோர பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சிரை வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இனி உங்கள் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: இவ்வளவு மலிவான, இவ்வளவு எளிய மருந்து இருந்தும் ஏன் இன்னும் பேதியில் குழந்தைகள் சாகின்றன? வீட்டில் ஒரு லிட்டர் அளக்கப் பாத்திரம் இல்லை. ஓஆர்எஸ் பேதியை நிறுத்தாது, உடலில் நீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும்; அதைத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை, "குடுத்தும் நிக்கலையே" என்று அவர் இரண்டாம் முறையோடு விட்டுவிடுகிறார். மருந்துக்கடைக்காரர் ஆன்டிபயாட்டிக் எடுத்துக் கொடுக்கிறார், பொட்டலத்தைவிட அதில் லாபம் அதிகம். ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு, அவற்றில் பாதி மருத்துவரின் கையிலேயே இல்லை. இதைப் புரிந்துகொண்டவருக்கும் "ஏழை நாட்டில் விழிப்புணர்வு இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்முகத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது தரவு. உலக சுகாதார நிறுவனத்தின் தரவுத்தளம், சியாட்டிலில் உள்ள சுகாதார அளவீட்டு ஆய்வு நிறுவனமான ஐஹெச்எம்இ-யின் உலக நோய்ச் சுமைக் கருவி, இரண்டும் இலவசம். ஒரு நோய், இரண்டு நாடு, 1990-இலிருந்து இன்றுவரை, ஒரே தாளில் வரையுங்கள். முதல்முறை செய்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு.

மொத்த இறப்பு விகிதத்தை அப்படியே ஒப்பிடுவது முதல் சறுக்கல். ஜப்பானின் மொத்த இறப்பு விகிதம் வங்கதேசத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜப்பானில் மருத்துவம் மோசம் என்று அர்த்தமில்லை, முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். வயது வித்தியாசத்தைச் சமன்செய்து கணக்கிட்ட, வயதுச் சீர்ப்படுத்திய விகிதத்தையே எடுங்கள்.

மதிப்பீட்டை எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்வது அடுத்தது. பல நாடுகளில் இறப்புகளில் பெரும்பகுதி பதிவாவதே இல்லை. 2010-இல் மலேரியாவால் இறந்தவர்கள் 6,55,000 என்றது உலக சுகாதார நிறுவனம். ஐஹெச்எம்இ ஆய்வாளர்கள் 12.4 லட்சம் என்றார்கள். ஒரே ஆண்டு, ஒரே நோய், ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம். பெரியவர்களின் சாவில் எவ்வளவு மலேரியாவால் என்பதில்தான் பெரிய மோதல். குடும்பத்தாரிடம் அறிகுறிகளைக் கேட்டுக் காரணத்தை ஊகிக்கும் வாய்மொழிப் பிரேதப் பரிசோதனையை எவ்வளவு நம்புவது என்ற விவாதம் அதிலிருந்துதான் கிளம்பியது. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நிச்சயமின்மை வரம்பையும் சேர்த்தே எழுதப் பழகுங்கள்.

மொழிபெயர்_அக்கா:

தங்கச்சி, தமிழ் பயன்படுமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். பயன்படும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

வீட்டில் கதைக்கிற தமிழை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கக் கூடாது. அமெரிக்காவில் மருத்துவ மொழிபெயர்ப்பாளருக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுதவே குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். மத்திய அரசின் நிதி வாங்கும் மருத்துவமனைகள் தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவசர நிலை தவிர, பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்கவும் கூடாது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? ஒரு நோயாளி "மூண்டு நாளாய் வருத்தம், சத்தி, வயித்தாலயும் போகுது" என்கிறார். தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை "மூன்று நாளாகக் கவலையாக இருக்கிறார்" என்று டாக்டரிடம் சொல்லும். இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய், சத்தி என்றால் வாந்தி. தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான். "மயக்கமா வருது" என்பதற்குத் தலை சுற்றல், கண் இருட்டல், நினைவு தப்பல், வெறும் அசதி என்று நாலு பொருள் இருக்கலாம். நாலுக்கும் மருத்துவர் செய்யும் பரிசோதனை வேறு. "சாய்ஞ்சு விழுந்தீங்களா, இல்ல ரூமே சுத்துற மாதிரி இருந்ததா" என்று திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். ஒரே மொழிக்குள்ளேயே இப்படி என்றால் மற்றதை யோசித்துப் பாருங்கள். மருந்துப் புட்டியில் ஆங்கிலத்தில் "ஒன்ஸ்" என்று இருப்பதை ஸ்பானிஷ்காரர் "ஓன்சே" என்று வாசித்தால் பதினொன்று.

அதனால் 40 மணி நேரப் பயிற்சியை ஒரு கோடையில் முடியுங்கோ. பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது: நோயாளி "எனக்கு" என்றால் நீங்களும் "எனக்கு" என்றே சொல்ல வேண்டும், "அவருக்காம்" என்று சொல்லக் கூடாது. ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. விளங்காவிட்டால் "மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். தலையாட்டிச் சமாளிப்பதுதான் பெரிய ஆபத்து.

பயிற்சி முடியும்வரைக்கும் அகதிகளைக் குடியமர்த்தும் அமைப்புகளில் தொண்டு வேலை இருக்கும். வந்து சேர்ந்த அகதிகளுக்கு 90 நாளுக்குள் முதல் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அதற்கு எந்த பஸ், எந்த வாசல், மருந்தை மறுபடி வாங்க எந்த எண்ணை அழுத்த வேண்டும், இதெல்லாம் அவைக்கு ஒரு மலை. ஒரு குடும்பத்தோடு வாரம் மூன்று மணி நேரம், ஒரு வருடம் நில்லுங்கோ. மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1978-இல் சகாக்களோடு எழுதிய கட்டுரையில், நோயாளி தன் நோயை எப்படி விளங்கிக்கொள்கிறார் என்பதை அறியச் சில கேள்விகள் கொடுத்தார்: இந்தப் பிரச்சினை எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது தொடங்கியது, இதில் உங்களுக்கு எது அதிகம் பயம். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போய் வரிசையாகக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். தேநீர் ஆறுகிற நேரத்தில் ஒன்று கேட்டால் போதும்.

எழுநூறு:

எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, எழுதுற பக்கத்தை மட்டும் நான் சேர்க்கிறேன்.

ஆம்காஸ் (மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது) விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 15 இடம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. மூன்றை மட்டும் மிக முக்கியம் என்று குறித்து, கூடுதலாக 1,325 எழுத்து எழுதலாம். இடைவெளியும் கணக்கில் வரும்.

கெட்ட உதாரணம்: "மூன்றாம் உலக நாட்டில் புன்னகைக்கும் ஏழை மக்களிடம் நன்றியுணர்வைக் கற்றேன்." இதை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். "புன்னகை", "கண் திறந்தது", "என்னைவிட அவர்களே எனக்குக் கற்றுத்தந்தார்கள்" மூன்றும் வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அதையே இப்படி எழுதலாம்: "அகதிக் குடும்பம் ஒன்றின் மருந்துப் பட்டியலை 11 மாதம் பராமரித்தேன். மறுநிரப்பல் தவறியது நான்கு முறை. மூன்று முறை காரணம் தொலைபேசி மெனு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, ஒரு முறை கடை மூடும் நேரம். மருந்தகத்தோடு பேசித் தானியங்கி மறுநிரப்பலுக்கு மாற்றினோம்." என்ன செய்தீர்கள், எது உடைந்தது, ஏன் உடைந்தது, எல்லாம் வந்துவிட்டது. உங்கள் எண்களை நீங்கள்தான் எழுத வேண்டும், அதற்கு முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, மணிநேரம், நடந்தது என மூன்று பத்தி போட்டு எழுதி வாருங்கள். நோயாளி பெயர், அடையாளம் எதுவும் அதில் வேண்டாம்.

ஏஏஎம்சி பட்டியலிடும் 17 தகுதிகளில் பண்பாட்டு விழிப்புணர்வு, பண்பாட்டுப் பணிவு என்று இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. முதலாவது மற்றவரைப் பற்றித் தெரிந்துகொள்வது. இரண்டாவது, தனக்கு என்ன தெரியாது என்று ஒப்புக்கொள்வது. வெளிநாடு போய் வந்தவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள். மேலே அக்கா சொன்ன "விளங்கவில்லை" நேரத்தை எழுதினால் இரண்டாவதும் வந்துவிடும்.

வழிகாட்டி_மேசையோடு ஒரு சிறு கருத்து வேறுபாடு. இரண்டு வாரம் என்பதாலேயே ஒரு பயணத்தைத் தள்ளிவிட வேண்டாம். உங்கள் கல்லூரியே ஆண்டாண்டாக அதே கிளினிக்கோடு தொடர்பு வைத்திருந்து, அங்கிருப்பவர்கள் கேட்ட வேலையை இங்கிருந்து மாதக்கணக்கில் செய்து, அதன் நடுவில் இரண்டு வாரம் போனால் அது வேறு கணக்கு.

வழிகாட்டி_மேசை:

ஒப்புக்கொள்கிறேன். அங்கிருப்பவர்கள் கேட்ட வேலையாக இருந்தால் சரி.

ரெண்டாம்_வருஷம்:

நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. "மாணவர்களின் ஆர்வத்தைப் பொறுத்துச் செயல்முறை அனுபவம் அமையும்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். தடைப்பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விட்டுவிட்டேன். கோடையில் 40 மணி நேரப் பயிற்சி, கூடவே கல்லூரியின் ஆறு வார நிகழ்ச்சிக்கு கில்மன் போடலாம் என்று இருக்கிறேன். மார்ச் சுற்று கோடைக்குப் பொருந்துமா?

கால்அட்டவணை:

பொருந்தும். ஆனா உங்க கல்லூரி நிதியுதவி அலுவலகமும் வெளிநாட்டுப் படிப்பு அலுவலகமும் ரெண்டு பேரும் இணையத்துல சான்று கொடுக்கணும், அவங்களுக்குத் தனிக் கெடு உண்டு. உங்க பக்கத்தை முடிச்சிட்டா ஆச்சுன்னு இருந்துடாதீங்க, ரெண்டு இடத்துக்கும் இந்த வாரமே ஒரு மெயில் போட்டுடுங்க.